வதந்தியும் சட்டத்தின் ஆட்சியும்: கண்டி நிகழ்வுகள் இரண்டை முன்வைத்து ஒரு நோக்கு

இணையவழிப் பொய்ப்பிரசாரம் சனநாயகத்துக்கு விளைவிக்கும் கேடு பற்றி இன்று பேசாதார் இலர். ஆயின், அக்கேட்டினைக் கருவியின் குற்றமாக மட்டுமே காணும் போக்கு நம்மிடையே மேலோங்கியுள்ளது. முகநூலும் வாட்ஸ்அப்பும் இல்லாதிருப்பின் இனவன்செயல் நிகழ்ந்திராது என்பதே இப்போக்கின் உட்கிடை. கண்டி மாநகரும் அதன் சுற்றுப்புறமும் நூறாண்டு இடைவெளியில் கண்ட இரு நிகழ்வுகளை ஒப்புநோக்குமிடத்து, இக்கருத்தின் குறைபாடு புலனாகும்.

2018 பெப்ரவரி 22ஆம் திகதி, தெல்தெனியப் பகுதியில் வீதித் தகராறொன்றின்போது சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம்கள் சிலரால் தாக்கப்பட்டு, மார்ச் முற்பகுதியில் உயிரிழந்தார். சந்தேக நபர்கள் முன்னரே கைதாகியிருந்தனர். சட்டத்தின் நோக்கில் இது தனிமனிதர் சிலரின் குற்றம். தீர்ப்பளிக்க வேண்டியது நீதிமன்றம். ஆயின், பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் வேறொரு கதை பரவியிருந்தது. முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டுத்தன்மை விளைவிக்கும் மாத்திரை கலக்கப்பட்டதென்பது அக்கதை. உணவிற் காணப்பட்டது மாக்கட்டியே என அரச பகுப்பாய்வாளர் அறிவித்தபோது காலம் கடந்திருந்தது. இவ்விரு செய்திகளும் இணையத்தில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டதும், சிலரது குற்றம் ஒரு சமூகத்தின் சதியாக உருமாறிற்று. திகன முதலான இடங்களில் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீட்டினுள் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன.

கருவிக்கு இதிற் பங்கில்லை என எவரும் கூறார். தமது தளம் தீங்குக்குப் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனமே 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கோரியது. நீதிமன்றம் சாட்சியங்களைத் திரட்ட மாதங்கள் வேண்டும். காணொளிக்கோ சில மணித்தியாலங்கள் போதும். இவ்வேக வேறுபாடு இணையம் தந்தது. ஆயின், வதந்தியை இணையம் தரவில்லை.

1915ஐ நினைவுகூர்க. கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா வாத்தியங்களுடன் செல்லலாமா என்ற வழக்கில், 1914இல் மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதனை மாற்றியது. மே இறுதியில், வெசாக் காலத்தில், கண்டி நகரில் மூண்ட கலவரம் தென்மேற்கு இலங்கையெங்கும் பரவியது. அதனைப் பரப்பியவற்றுள் வாய்மொழி வதந்திகளும் அடங்கும். அன்று தொலைபேசியே அரிது.

இங்கு சிறப்பாக அவதானிக்கத்தக்கது யாதெனில், வதந்தியை நம்பியது கும்பல் மட்டுமன்று என்பதாகும். கலவரத்தைத் தன் முடிக்கு எதிரான சிங்களச் சதியெனக் குடியேற்ற அரசும் நம்பியது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் வந்தது, தலைவர்கள் சிறையிடப்பட்டனர், ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆதாரமற்ற ஊகத்தைக் கும்பல் நம்பின் கடைகள் எரியும்; அரசு நம்பின் சட்டமே எரியும்.

இவ்வுண்மையின் ஒளியிலேயே 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை மதிப்பிடல் வேண்டும். எக்கூற்று பொய்யானது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. திகனவின் துயரம் சட்டமின்மையால் விளைந்ததன்று. பகைமையைத் தூண்டுவதைக் குற்றமாக்கிய, குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம் 2007 முதலே நம்மிடம் இருந்தது. அச்சட்டம் எவர்மீது பாய்ந்தது? 2020 ஏப்ரலில், வெறுப்புப் பிரசாரத்தைப் பேனாவாலும் கணினியாலும் எதிர்கொள்ளுமாறு முகநூலில் எழுதிய, கண்டி மாவட்டத்து ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர் ஒருவர் அதன்கீழ் கைதாகிப் பல மாதங்கள் தடுப்புக்காவலில் இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. வெறுப்பை எதிர்த்தவரையே வெறுப்புக்கெதிரான சட்டம் சிறையிட்டமை எண்ணத்தக்கது.

எனவே, குறை சட்டத்தின் தொகையில் அன்று. அது செயற்படும் முறையிலேயே உள்ளது. குற்றஞ் சாட்டப்பட்டவன் எச்சமூகத்தவனாயினும் நீதி ஒன்றே என்ற நம்பிக்கை மக்களிடம் வேரூன்றியிருப்பின், சாரதியின் மரணத்துக்கு நியாயம் தேடி எவரும் தீவட்டி ஏந்தி வீதிக்கு வரத் தேவையில்லை. அந்நம்பிக்கை தளர்ந்த இடத்திலேயே வதந்தி நீதிபதியாகிறது.

சட்டத்தின் ஆட்சி என்பது சான்று கேட்பது, மறுதரப்பைக் கேட்பது, அவசரப்படாதிருப்பது. ஏட்டுச்சுவடியொன்றின் பாடபேதங்களை ஒப்பிட்டு மூலபாடம் காணப் பயில்வோரான நாம், கைத்தொலைபேசியில் வந்துசேரும் செய்தியை மட்டும் பாடபேதம் நோக்காது பிறருக்கு அனுப்புகிறோம். இப்பல்கலைக்கழகத்திலிருந்து திகன தொலைவில் இல்லை.