மாலை வகுப்பு யாருக்கு?

53-இலிருந்து 28-ஐக் கழிக்கச் சொன்னால் நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் 35 என்று எழுதுவார்கள். எட்டில் மூன்று போக ஐந்து, ஐந்தில் இரண்டு போக மூன்று. எப்போதும் பெரியதிலிருந்துதான் சிறியதைக் கழிக்கவேண்டும் என்று பிள்ளை தானே ஒரு விதி வகுத்துக்கொண்டிருக்கிறது. கடன் வாங்கிக் கழிப்பது மனதில் பதியவில்லை. வசதியான வீட்டில் அம்மாவோ டியூஷன் ஆசிரியரோ இதைக் கண்டு திருத்திவிடுவார்கள். குடிசைப் பகுதியில் யார் திருத்துவது?

இந்தியாவில் இதற்கு ஒரு வழி 1990-களில் மும்பையில் பிறந்தது. 'பிரதம்' அமைப்பு அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப்படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்துக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தது. அவர்களுக்குப் பால்சகி என்று பெயர். மூன்றாம், நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை இவர்கள் பள்ளி நேரத்திலேயே தனியே உட்காரவைத்து எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தார்கள். 2019-இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே மும்பையிலும் வதோதராவிலும் இதை ஆராய்ந்தனர். அதிகம் முன்னேறியவர்கள் கடைசி வரிசைப் பிள்ளைகளே.

பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எதை வாசிக்கிறது என்பதைப் பார்த்துப் பிரிப்பதுதான் இந்த முறையின் உயிர். எழுத்து, சொல், பத்தி, கதை என்று ஒரே தாளில் சில நிமிடங்களில் சோதித்துவிடலாம். தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. (பெயர்கள் அழகுதான், ஆனால் தான் இன்னும் அரும்புதான் என்பது பிள்ளைக்குத் தெரியாமலா போகும்?) அதற்கு முந்திய ஆண்டு, கொரோனா இடைவெளியை ஈடுகட்ட வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யில் மாலை வகுப்பு தெருவுக்கே வந்தது. நடத்திய தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். இவ்வளவு சிறிய தொகைக்கு ஊக்கத்தொகை என்று பெயர் வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இலங்கையின் பலம் வேறு. 1945 முதல் இலவசக் கல்வி, 1980 முதல் இலவசப் பாடநூல், 1993 முதல் இலவசச் சீருடை. கொழும்பில் தோட்டங்கள் என்று அழைக்கப்படும் குடிசைப் பகுதிகளிலும் தொடர்மாடிகளிலும் வளரும் பிள்ளை பாடசாலைக்குள் வந்துவிடுகிறது. சிக்கல் உள்ளே வந்த பிறகுதான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை தொடக்கக் கல்வியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. மாலை நேரம் ரியூசனுக்கும் மாதிரி வினாத்தாளுக்கும் போகிறது. பரீட்சை நெருங்கும்போது மேலதிக வகுப்புகளையும் கருத்தரங்குகளையும் பரீட்சைத் திணைக்களமே தடைசெய்ய வேண்டியிருக்கிறது என்றால் அந்த வேகத்தை ஊகித்துக்கொள்ளலாம். வெட்டுப்புள்ளியைத் தாண்டக்கூடிய பிள்ளைக்காக ஓடும் ஓட்டம் அது. 'கொ'வைக் கண்டதும் கொம்பை எங்கே சேர்ப்பது, காலை எங்கே சேர்ப்பது என்று தடுமாறும் பிள்ளைக்கு அந்த வகுப்பில் இடமில்லை, இருந்தாலும் காசில்லை.

தமிழ்நாட்டில் அப்படியொரு பரீட்சை இல்லாததால் நெருக்கடி இல்லை. ஆனால் அங்கும் வாசிக்கத் தெரியாமலே மேல்வகுப்புக்குப் போய்விட முடிகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால், பின்தங்கிய பிள்ளையைத் தேடிப் போகும் இந்திய முறையின் பக்கமே நிற்பேன். கொழும்பு அதை எடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை: தரம் 3-இலேயே ஒரு தாள் வாசிப்புச் சோதனை, அதில் தடுமாறும் பிள்ளைகளுக்கு அதே தொடர்மாடியில் இலவச மாலை வகுப்பு. நடத்தும் பெண்ணுக்கு ஒழுங்கான சம்பளம் கொடுங்கள். அதில் மட்டும் தமிழ்நாட்டைப் பின்பற்ற வேண்டாம்.