வந்தவர் புகழும் வராதவர் கணக்கும்

விழுப்புரத்துப் படிப்பகங்களிலும் திண்டிவனத்துத் தேநீர்க் கடைகளிலும் நாளேடு விரித்துப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2015ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பொங்கலை ஒட்டி வெளிவந்த ஏடுகளை ஒருமுறை தேடியெடுத்துப் புரட்டிப் பாருங்கள். போப் பிரான்சிசு அந்நாள்களில் இலங்கைக்கு வந்திருந்தார். 13ஆம் நாள் கொழும்பில் இறங்கினார். 14ஆம் நாள் மன்னார் மாவட்டத்து மடு மாதா கோயிலுக்குச் சென்றார். ஆண்டுதோறும் வேளாங்கண்ணி நோக்கிக் கால் கடுக்க நடக்கும் கூட்டத்தைக் கண்டிருக்கும் நமக்கு, மடு எத்தகைய தலம் என்று விளக்க வேண்டியதில்லை. ஈழத்துக் கத்தோலிக்கருக்கு அதுவே வேளாங்கண்ணி!

ஏடுகள் எழுதின, ஏராளமாக எழுதின. விமான நிலையச் சாலையில் அணிவகுத்த யானைகளைப் பற்றி எழுதின. காலிமுகத் திடலில் திரண்ட கடல்போன்ற கூட்டத்தைப் பற்றி எழுதின. அவர் தோளில் போர்த்திய காவிச் சால்வையைப் பற்றியும், அவர் ஏறிச் சென்ற ஹெலிகாப்டரைப் பற்றியும் எழுதின. பட்டங்களுக்கும் பஞ்சமில்லை. ஈழத்து ஏடு ‘பாப்பரசர்’ என்றது. தமிழகத்து ஏடு ‘போப்பாண்டவர்’ என்றது. சமய ஏடு ‘திருத்தந்தை’ என்றது. அரசர், ஆண்டவர், தந்தை! வந்த ஒருவருக்கு மூன்று பெயர். அவரைக் காண வெயிலில் நின்ற தாய்க்கோ ஒரு பெயரும் இல்லை. ‘திரளான மக்கள்’ என்ற இரண்டு சொற்களில் அவள் கரைந்து போனாள்.

நாம் கும்பிட்டவரைக் குறை கூறவில்லை. குண்டு விழுந்த மண்ணில் கும்பிடப் போனவர்கள் அவர்கள். அவர்தம் துயரம் நம் துயரம். நாம் குறை கூறுவது எழுதியவர் கோலை!

மடு எப்படிப்பட்ட இடம்? போர் துரத்திய மக்கள் ஆயிரக்கணக்கில் அடைக்கலம் புகுந்த இடம். 1999 நவம்பரில், அடைக்கலம் புகுந்தோர் மீதே எறிகணை விழுந்து, நாற்பது பேரளவில் மாண்ட இடம். 2008 ஏப்ரலில் போர் வாசலுக்கே வந்தபோது, பாதிரிமார் மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய இடம். மக்களைக் காக்கும் என்று நம்பப்பட்ட சிலையை மக்களே காக்க வேண்டி வந்தது! பகுத்தறிவாளர் பத்து மேடையில் பேசினாலும் இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

இந்த வரலாற்றை அன்று மடுவில் தொட்டுப் பேசியவர் யார்? போப்பே பேசினார். அந்த இடத்தில் நிகழ்ந்த கொடுமைகளை எவரும் மறக்க இயலாது என்றார். சிலை அகற்றப்பட்ட துயர நாளையும் நினைவூட்டினார். செய்தியாளர் செய்ய வேண்டிய வேலையைச் சமயத் தலைவர் செய்தார்; சமயத் தலைவருக்குச் சாமரம் வீசும் வேலையைச் செய்தியாளர் செய்தார். என்னே விந்தை!

இன்னும் ஒன்று உண்டு. மடுக் கோயில் மன்னார் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று அதன் ஆயராக இருந்தவர் இராயப்பு ஜோசப், 2021இல் மறைந்தார். 2011 சனவரியில், இலங்கை அரசு அமைத்த விசாரணை ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். 2008 அக்டோபர்த் தொடக்கத்தில் வன்னியில் இருந்ததாக அரசின் மாவட்டச் செயலகங்களே காட்டிய தொகை 4,29,059. போர் முடிந்தபோது அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380. மிச்சம் 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு. ஓர் அரசு விடை கூறாத கணக்கு!

கணக்குக் கேட்ட ஆயரின் கோயிலுக்குத்தான் போப் வந்தார். யானைகளைப் பற்றி எழுதிய ஏடு, இந்த எண்ணை ஒரு வரியில் எழுதியிருக்கக் கூடாதா? ‘அன்றைய நிகழ்ச்சியை எழுதுவதே செய்தி; பழங்கதை எதற்கு?’ என்பர் சிலர். காணாமற் போன மகனைத் தாய் தேடிக்கொண்டிருக்கும்வரை அது பழங்கதை அன்று, அன்றைய செய்திதான்.

‘போர் நடந்த பூமியில் போப்’ என்று எழுதியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போர் அங்கே நாடகத் திரைச்சீலைபோல் பின்னால் தொங்கியது, அவ்வளவுதான். முதல்நாள் கொழும்பில் அவர், காயம் ஆறுவதற்கு உண்மையைத் தேடுவதும் வேண்டும் என்றார். மறுநாள் மடுவில் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். உண்மை முன்னே, மன்னிப்பு பின்னே, அதுதான் முறை. உண்மையை விட்டு மன்னிப்பை மட்டும் தலைப்பாக்கினால் படிப்பவன் என்ன எண்ணுவான்? யாரை மன்னிப்பது, எதற்காக மன்னிப்பது என்று தெரியாமலே தாய்மார் மன்னித்துவிட வேண்டும் என்றல்லவா எண்ணுவான்?

மூன்றாம் நாள் அதுவும் போயிற்று. மணிலா செல்லும் விமானத்தில், தம் தாயை ஏசுபவன் குத்து வாங்குவான் என்று போப் சொன்னார். உலகத்து ஏடுகள் அந்தக் குத்தைப் பற்றிக்கொண்டன. மடு மறைந்தது, குத்து நின்றது!

ஈழம் இருக்கட்டும்; நம் வாசலுக்கு வருவோம். அன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், இருப்பது எறையூர். மடுச் சிலை வெளியேறியதற்கு முந்தைய திங்களில், 2008 மார்ச்சில், அங்கே தாழ்த்தப்பட்ட கிறித்துவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டனர். சாதிக் கிறித்துவர் எதிர்த்தனர்; கலவரம் மூண்டது; காவல்துறை சுட்டது; இருவர் மாண்டனர். தமிழகத்து ஆயர்கள் 2003 நவம்பரில் உரோமைக்குச் சென்றபோது, சாதி வேற்றுமை கிறித்துவ உறவுக்கு முரண் என்று அந்நாள் போப் இரண்டாம் ஜான் பால் இடித்துரைத்திருந்தார். அந்தச் சொல் ஐந்தாண்டுகளில் எறையூர்த் தெருவரை ஏன் வந்து சேரவில்லை? கேட்க வேண்டிய கேள்வி அது. ‘இரு பிரிவினர் மோதல்’ என்ற மூன்று சொற்களில் அதை முடித்துவிடுவது எளிது. மடுவில் ‘திரளான மக்கள்’; எறையூரில் ‘இரு பிரிவினர்’. கோல் ஒன்றே, குறையும் ஒன்றே!

ஆகவே தோழர்களே, நாளை எந்தத் தலைவர் எந்தத் தலத்துக்கு வந்தாலும் — கோயிலாயினும், மடமாயினும், மசூதியாயினும், நம் சொந்த மாநாட்டுப் பந்தலாயினும் — ஏட்டைக் கையிலெடுத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். வரவேற்றவருக்குப் பெயர் உண்டா? அந்த ஊருக்கு வரலாறு உண்டா? அந்த ஊர் கேட்ட கேள்விக்கு விடை உண்டா? மூன்றுக்கும் இல்லை என்றால், நீங்கள் படித்தது செய்தி அன்று. பல்லக்குத் தூக்குவோர் பாடும் பாட்டு.

மடுவுக்கு வந்தவர் திரும்பிச் சென்றார். 2025இல் மறைந்தும் போனார். வராதவர்கள் 1,46,679 பேர். அவர்கள் கணக்கு இன்னும் தீரவில்லை.