மண்டபமும் நூலும்

மண்ணூர்பேட்டையில் சொந்தமாக ஒரு சிறு வீடு வைத்திருப்பவர் அரையாண்டுக்கு ஒருமுறை சொத்துவரி செலுத்துகிறார். முன்பு அம்பத்தூர் நகராட்சிக்குச் செலுத்தினார். 2011-க்குப் பின் சென்னை மாநகராட்சிக்குச் செலுத்துகிறார். அந்த வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரி என்றொரு தொகையும் சேர்ந்து போகிறது. எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் பெருமுயற்சியால் 1948-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த வரி அது. தொழிற்பேட்டையில் உழைத்துச் சேர்த்த காசில் வீடு கட்டியவர், தாம் அறியாமலே தமிழ் நூல்களுக்குப் புரவலராக இருக்கிறார் என்பதே இதன் பொருள். கலை இலக்கியத்துக்கு அரசு செலவிடும் பணத்தைப் பற்றிப் பேச்செழும்போது இவரை எவரும் நினைப்பதில்லை.

நம் சமுதாயத்தில் அப்பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் மணிமண்டபத்தையும் விருதையும் சுற்றியே நிற்கிறது. (சிலை நமக்கு ஆகாது, ஆகவே மண்டபம்!) எட்டயபுரத்தில் உமறுப்புலவருக்குத் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2007-இல் திறக்கப்பட்டது. நெடுநாளைய கோரிக்கை நிறைவேறியதென்று நாம் மகிழ்ந்தோம். மகிழ்ந்தது முறையே. ஆயினும் அந்த மண்டபத்தைக் கண்டு திரும்பும் ஓர் இளைஞர், அன்றிரவே சீறாப்புராணத்தைப் படிக்க விரும்பினால், அவருக்கு விளங்கும் உரையோடு ஒரு பதிப்பு அவருடைய ஊர் நூலகத்தில் கிடைக்குமா? இவ்வினாவை நாம் அரசிடம் கேட்டதுமில்லை, நம்மையே கேட்டுக்கொண்டதுமில்லை.

அக்காலப் புரவலர்கள் எதற்குப் பொருள் ஈந்தார்கள் என்பதை இங்கே எண்ணிப் பார்த்தல் நலம். கீழக்கரை வள்ளல் சீதக்காதி, உமறுப்புலவரைக் காப்பியம் பாடச் செய்தார். அது நிறைவேறுமுன் வள்ளல் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அப்பொறுப்பை ஏற்று நூல் அரங்கேற வழி செய்தார். புலவரோ எட்டயபுரம் அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்தவர் என்று மரபு கூறும். ஆக, முஸ்லிம் செல்வரின் பொருளும் முஸ்லிமல்லாத சிற்றரசரின் ஆதரவும் சேர்ந்தே 5027 பாடல்கள் நமக்குக் கிடைத்தன. அதன்பின் ஏட்டுச் சுவடிகளில் இருந்ததைச் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் 1842-இல் அச்சேற்றினார். இவர்களுள் எவரும் புலவருக்குக் கட்டடம் எழுப்பவில்லை. ஒருவர் பாட வைத்தார். ஒருவர் முடிக்க வைத்தார். ஒருவர் படிக்க வைத்தார். இன்றைய அரசின் கலைச் செலவையும், அதனிடம் நாம் வைக்கும் கோரிக்கைகளையும் இந்த மூன்று வினைகளோடு ஒப்பிட்டு அளப்பதே தகும்.

அப்படி அளந்தால், அரசு செய்தவற்றுள் மண்டபத்தைவிட மேலான ஒன்று உண்டு. அதுதான் நூல்களை நாட்டுடைமை ஆக்குவது. 1949-இல் பாரதியாரின் படைப்புகளில் தொடங்கிய வழக்கம் அது. எழுத்தாளரின் குடும்பத்தாருக்கு ஒரு தொகை வழங்கப்படுகிறது. நூல்களை எவரும் அச்சிடலாம் என்றாகிறது. கவி கா. மு. ஷெரீப் அவர்களின் நூல்களும் இவ்வாறு நாட்டுடைமை ஆயின. தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் இத்தகைய நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒரு குடும்பத்தின் வறுமையைச் சிறிதாவது தணித்து, ஒரு கவிஞரின் சொல்லையும் ஊருக்குப் பொதுவாக்கும் இச்செலவில் பளிங்கும் இல்லை, திறப்பு விழாவும் இல்லை. ஆதலால்தானோ என்னவோ, இதற்காக நம் மேடைகளில் தீர்மானங்கள் நிறைவேறுவதில்லை.

குறை அரசின் பக்கமும் உண்டு. மக்களிடம் வசூலித்த நூலக வரியைச் சென்னை மாநகராட்சி உரிய காலத்தில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் நிலுவை வைத்த செய்தி, பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப நாளேடுகளில் வந்திருக்கிறது. நூலகத் துறை நூல் வாங்குவதும் சில ஆண்டுகள் நடக்கும், சில ஆண்டுகள் நின்றுவிடும். சிறு பதிப்பகத்தாருக்கு நூலக ஆணை ஒன்றே மூச்சு. அது நின்றால் மறுபதிப்பு நிற்கும். முதலில் நிற்பவை, கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர், முனாஜாத்து போன்ற, விற்பனை குறைந்த பழைய நூல்களே. கலீபா உமர் (ரலி) அவர்களிடம், மேனியிலிருந்த ஆடைக்குத் துணி எங்கிருந்து கூடுதலாக வந்தது என்று சபையிலே ஒருவர் கேட்டதைப் பெருமையோடு பேசுகிற சமுதாயம் நாம். நாம் கொடுத்த பத்துப் பைசாவுக்குக் கணக்குக் கேட்க மட்டும் ஏன் நா எழவில்லை?

அரசின் பணம் வந்தால் அரசின் கையும் உடன் வரும், நம் செல்வர்களே இதைச் செய்யட்டும் என்பார் உளர். அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. விருதுப் பட்டியல்களில் ஆட்சியின் நிழல் விழுவதை எல்லாரும் அறிவர். ஆனால் செல்வர்கள் செய்தது என்ன? 1973-இல் திருச்சியில் கூடிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு முதல் எத்தனையோ மாநாடுகள் நடந்தன. கனத்த மலர்கள் வெளிவந்தன. அரிய கட்டுரைகள் அடங்கிய அம்மலர்கள் இன்று சில வீட்டு அலமாரிகளில் அல்லவா உறங்குகின்றன? தனியார் கொடை ஒரு விழாவோடு முடிந்துவிடும். வரியோ ஆண்டுதோறும் வருவது; அது தயவன்று, உரிமை. விருதைப் போல் அதை எவர் கையிலிருந்தும் குனிந்து வாங்க வேண்டியதில்லை.

கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்றோர் அமைப்பு இருக்கிறது. மண்ணூர்பேட்டை, பாடி, அம்பத்தூர்ப் பகுதி ஜமாஅத்துகள் தத்தம் மஹல்லாவிலிருந்து இருவரையேனும் அதில் சேரச் செய்யலாம். அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம், ஏனெனில் நம் வீடுகளில் இன்று அதிகம் படிப்பவர்கள் பெண் மக்களே. அங்குள்ள அலமாரிகளில் உமறுப்புலவர் இருக்கிறாரா, குணங்குடி மஸ்தான் சாகிபு இருக்கிறாரா, செய்குத்தம்பிப் பாவலர் இருக்கிறாரா என்று பார்த்து, இல்லாத நூல்களின் பட்டியலை எழுதி, வரி செலுத்திய இரசீதின் நகலோடு நூலகருக்கும் மாவட்ட நூலக அலுவலருக்கும் அனுப்ப வேண்டும்.