ஒரே வகுப்பறையில் இரு பட்டங்கள்: இளங்கலை, முதுகலைக் கூட்டுப்பாடங்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

உயர்கல்விக்கூடங்களில் இளங்கலை மாணவரும் முதுகலை மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே விரிவுரையாளரிடம், ஒரே பாடத்தைப் பயிலும் வழக்கம் உண்டு. அப்பாடம் இருவேறு பாட எண்களைத் தாங்கி இருவேறு பட்டங்களுக்கும் கணக்கில் கொள்ளப்படும். இதனைக் கூட்டுப்பாடம் என இக்கட்டுரையில் குறிப்பிடுவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இம்முறை நெடுங்காலமாக உள்ளது. மாணவர் தொகை குறைந்த மொழித்துறைகளுக்கு இது பெரும்பாலும் விருப்பத்தால் அன்றி, தேவையால் வாய்த்த ஏற்பாடு எனலாம். தமிழ்த்துறைகளும் இதற்கு விலக்கல்ல. ஐந்து முதுகலை மாணவர்க்கெனத் தனியே ஓர் இலக்கணப் பாடம் நடத்த நிர்வாகம் இசையாதபோது, அப்பாடத்தை இளங்கலை வகுப்போடு இணைத்து நடத்துவது, அறவே நடத்தாமல் விடுவதினும் மேலானதே. எனவே, கூட்டுப்பாடம் வேண்டுமா வேண்டாமா என்பது நம் வினா அன்று. அதனை நெறிப்படுத்தும் விதிகள் இரு பட்டங்களின் தரத்தையும் காக்கின்றனவா என்பதே நாம் ஆராய முற்படுவது.

விதிகள் கூறுவன

கூட்டுப்பாடங்களுக்கான விதிகள் பல்கலைக்கழகந்தோறும் வேறுபடினும் அவற்றின் சாரம் பெரிதும் ஒன்றே. முதுகலை மாணவர் இளங்கலை மாணவரினும் கூடுதலான பணியைச் செய்தல் வேண்டும். அவ்வேறுபாடு பாடத்திட்டத்தில் எழுத்து வடிவில் இடம்பெறுதல் வேண்டும். முதுகலைப் பட்டத்திற்குரிய கிரெடிட்டுகளில் ஒரு பகுதிக்கு மேல் இத்தகைய பாடங்களால் நிரப்புதல் கூடாது. இளங்கலையில் பயின்ற பாடத்தை மீண்டும் முதுகலையில் கணக்கிடுதல் கூடாது என்பன அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் உயர்கல்விக்கூடங்களுக்குத் தரச்சான்று வழங்கும் ஆணையம், பட்டமேற்படிப்புகள் பாடப்பொருளால் இளங்கலைப் படிப்புகளினும் படிப்படியாக உயர்ந்தனவாக அமைதல் வேண்டும் என வலியுறுத்துகின்றது.

மலேசியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த மலேசியத் தகுதி முகவாண்மையின் தகுதிக் கட்டமைப்பு, இளங்கலையை ஆறாம் நிலையிலும் முதுகலையை ஏழாம் நிலையிலும் வைத்துள்ளது. இவ்விரு நிலைகளுக்கும் உரிய கற்றல் பேறுகளும் தனித்தனியே வரையறுக்கப்பட்டுள்ளன. ஆக, நிலைவேறுபாடு வேண்டும் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அவ்வேறுபாட்டை எதனால் அளப்பது என்பதிலேதான் சிக்கல் எழுகின்றது.

கூடுதல் கட்டுரை என்னும் தீர்வு

நடைமுறையில் இவ்வேறுபாடு பெரும்பாலும் ஒரு கூடுதல் கட்டுரையாகச் சுருங்கிவிடுகின்றது. இளங்கலை மாணவர்க்கு ஓர் இடுபணி எனில் முதுகலை மாணவர்க்கு இரண்டு. அவர்க்குப் பத்துப் பக்கம் எனில் இவர்க்கு இருபது. விரிவுரை ஒன்றே, வாசிப்புப் பட்டியலும் ஏறத்தாழ ஒன்றே, தேர்வுத்தாளில் ஒரு வினா மட்டும் மாறும். விதி கேட்ட 'கூடுதல் பணி' பாடத்திட்டத்தில் பதிவாகிவிட்டதால் குழுக்களின் ஒப்புதலும் எளிதில் கிட்டிவிடும்.

இத்தீர்வு கிரெடிட் என்னும் அளவுகோலோடே முரண்படுகின்றது என்பது நம் முதன்மையான வாதம். மலேசியக் கட்டமைப்பில் ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணிநேரக் கற்றலைக் குறிக்கும். விரிவுரை, வாசிப்பு, இடுபணி, தேர்வு ஆயத்தம் அனைத்தும் அதனுள் அடங்கும். எனவே மூன்று கிரெடிட் பாடம் ஒன்று 120 மணிநேர உழைப்பைக் கோருகின்றது. இளங்கலை மாணவர்க்கும் முதுகலை மாணவர்க்கும் இக்கணக்கு ஒன்றே. அவ்வாறாயின், இருபது மணிநேரம் பிடிக்கும் ஒரு கட்டுரையை முதுகலை மாணவர்க்கு மட்டும் கூட்டும்போது நிகழ்வது யாது? முதுகலை மாணவர் 140 மணிநேரம் உழைத்து மூன்று கிரெடிட்டே பெறுகின்றார். அன்றேல், இளங்கலை மாணவர் 100 மணிநேரமே உழைத்து மூன்று கிரெடிட் பெறுகின்றார். இரண்டில் எது நிகழினும் ஒரு பட்டத்தின் கணக்கு பிழைபடுகின்றது. பணியின் அளவைக் கூட்டுவதால் நிலை உயர்வதில்லை என்பதும், ஆறாம் நிலைப் பணியை இருமுறை செய்வது ஏழாம் நிலைப் பணி ஆகாது என்பதும் இதனால் பெறப்படும்.

தன்மையால் அமையும் வேறுபாடு

நிலைவேறுபாடு என்பது வினாவின் தன்மையில் அமைவது. இதனை நம் துறைசார்ந்த எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்திற்கு இளம்பூரணர், சேனாவரையர், தெய்வச்சிலையார், நச்சினார்க்கினியர், கல்லாடர் ஆகிய ஐவரின் பழையவுரைகள் நமக்குக் கிடைத்துள்ளன. இளங்கலை மாணவர் அவற்றுள் ஓர் உரையைத் துணையாகக்கொண்டு நூற்பாவின் பொருளை உணர்ந்து, அவ்விதியை இன்றைய தமிழோடு பொருத்திக் காட்டுவாராயின் அது நிறைவான பயிற்சியாகும். முதுகலை மாணவரிடம் நாம் எதிர்பார்க்க வேண்டுவது வேறு. ஒரே நூற்பாவிற்கு உரையாசிரியர்கள் வேறுபட்ட பொருள் கொள்வது ஏன், சேனாவரையரின் வடமொழி இலக்கணப் புலமை அவர்தம் விளக்கத்தை எங்ஙனம் திசைதிருப்புகின்றது, எவருரை எச்சான்றால் வலுப்பெறுகின்றது என்பன அவர் எழுப்ப வேண்டிய வினாக்கள்.

புறநானூற்றுக்கும் இது பொருந்தும். பாடலின் திணை, துறை, பாடினோர், பாடப்பட்டோர் ஆகிய குறிப்புகளைக்கொண்டு பாடலை விளங்கிக்கொள்வது இளங்கலைப் பயிற்சி. அக்குறிப்புகள் பாடலின் காலத்தவையா, தொகுத்தோர் காலத்தவையா என ஐயுறுவது முதுகலைப் பயிற்சி. பழையவுரை முதல் 266 பாடல்களுக்கே கிடைத்திருக்க, எஞ்சியவற்றிற்குப் பொருள்காண நாம் எவற்றைச் சான்றாகக் கொள்கின்றோம் என்பதும் அத்தகைய வினாவே. இங்கு இருசாராரும் வாசிக்கும் பாடல் ஒன்றே. செலவிடும் நேரமும் ஒன்றாக இருக்கலாம். எனினும் அவர்தம் பணி ஒன்றன்று.

இழப்பு எவருடையது?

இவ்வேறுபாட்டைப் புறக்கணிப்பதால் இருசாராரும் இழக்கின்றனர். பணியிலிருந்துகொண்டே முதுகலை பயில வருவோருள் தமிழாசிரியர்கள் கணிசமானோர். பல்லாண்டு வகுப்பறை அனுபவம் உடையோர் முன்வரிசையில் விடையிறுக்க, பத்தொன்பது, இருபது அகவை மாணவர் பின்வரிசையில் மௌனம் காப்பதை விரிவுரையாளர் பலரும் கண்டிருப்பர். இரு குழுவினரையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடும்போது அம்மௌனம் புள்ளிகளிலும் எதிரொலிக்கின்றது. மறுபுறம், மாலைநேரத்தையும் சொந்தப் பணத்தையும் செலவிட்டு வரும் ஆசிரியர், தாம் இளங்கலையில் கேட்ட விரிவுரையையே மீண்டும் கேட்டுத் திரும்புகின்றார். அவர் நாளை ஓர் ஆய்வேட்டை எழுதத் தொடங்குகையில்தான் இக்குறை வெளிப்படும். சான்றுகளை எடைபோடும் பயிற்சியைப் பெறவேண்டிய இடத்தில் அவர் பக்கங்களை நிரப்பும் பயிற்சியையே பெற்றிருப்பார்.

மூன்றாமவரும் ஒருவர் உளர். கூட்டுப்பாடத்தை நடத்தும் விரிவுரையாளர்க்கு அது பணிச்சுமைக் கணக்கில் ஒரு பாடமாகவே பதிவாகுமாயின், இரு நிலைகளுக்கும் தனித்தனியே ஆயத்தம் செய்யும் உழைப்பு கணக்கில் வாராது போகின்றது. அந்நிலையில் அவர் கூடுதல் கட்டுரை என்னும் எளிய வழியை நாடுவதைக் குறைகூற இயலாது.

நன்னூல் தரும் ஒளி

கூட்டுப்பாடத்திற்கு ஒரு வலுவான நியாயமும் உண்டு. நன்னூலின் பாயிரம், ஆசிரியர் உரைத்ததைக் கேட்டு மாணாக்கன் கொள்வது புலமையில் காற்பங்கே என்றும், உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் கருதுகின்றது. இக்கருத்தின்படி நோக்கின், இளையோரும் மூத்தோரும் கலந்த வகுப்பு ஒரு பேறே ஆகும். ஆயினும் அப்பேறு தானே வாய்ப்பதன்று. மூத்தவர் எடுத்துரைக்கவும் இளையவர் வினவவும் பாடத்திட்டத்தில் இடமமைத்தாலன்றி, உடனிருத்தல் உடன்பயிலுதல் ஆகாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் முன்வைக்கும் பரிந்துரைகள் நான்கு. முதலாவது, கூட்டுப்பாடம் ஒவ்வொன்றிற்கும் இருவேறு கற்றல் பேறுகளும் இருவேறு மதிப்பீட்டு அளவுகோல்களும் வகுக்கப்பட வேண்டும். இரண்டாவது, முதுகலை மாணவர்க்கென வாரந்தோறும் தனிக் கருத்தரங்கு வகுப்பு அமைதல் வேண்டும். அது 120 மணிநேரத்தின்மேல் சுமத்தப்படாது, இளங்கலைக்குரிய பயிற்சி வகுப்பின் இடத்தைப் பெறுதல் வேண்டும். மூன்றாவது, அத்தனி வகுப்பு விரிவுரையாளரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்கப்படல் வேண்டும். நான்காவது, இறுதியாண்டுப் பாடங்களை மட்டுமே இவ்வாறு இணைத்தல் வேண்டும். அறிமுகப் பாடங்களை இணைத்தல் தகாது.

இவற்றுள் மூன்றாவது பரிந்துரையே செலவுக்குரியது. ஆதலின் அதுவே முதலில் மறுக்கப்படும். அதனை மறுக்கும் நிர்வாகம், ஒரு வகுப்பின் செலவில் இரண்டு பட்டங்களை வழங்க விழைகின்றது என்பதை நாம் தயக்கமின்றி எடுத்துரைத்தல் வேண்டும். மாணவர் தொகை சிறியது என்பது தமிழ்த்துறையின் நிலைமை. அதனைக் காரணங்காட்டி முதுகலைப் பட்டத்தின் பொருளைக் குறைத்துக்கொள்வோமாயின், அக்குறைவு நாம் பட்டமளித்து அனுப்பும் ஆசிரியர்வழித் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளையும் சென்றடையும்.