விரலின் அளவும் மூளையின் பாலும்

தொடுபுலனின் முறையான அளவீடு, ஜேர்மனியரான எர்ணஸ்ற் வெபர் 1834இல் வெளியிட்ட நூலோடு தொடங்கிற்று எனலாம். கவராயத்தின் இரு முனைகளைத் தோலில் வைத்து, அவை இரண்டென உணரப்படும் மிகக் குறுகிய இடைவெளியை அவர் அளந்தார். பால் வேறுபாடு பற்றிய வாதம் பின்னரே இவ்வளவீட்டோடு சேர்ந்துகொண்டது. நுண்ணிய வேறுபாடுகளைப் பகுத்துணரும் ஆற்றல் ஆண்களுக்கே மிகுதி என 1883இல் பிரான்சிஸ் கோல்ற்றன் எழுதினார். 1903இல் ஹெலன் தொம்சன் வெளியிட்ட சிக்காகோ ஆய்வோ, இரு முனைகளைப் பிரித்துணர்வதிற் பெண்களே மேம்பட்டிருத்தலைக் காட்டிற்று. முடிபு மாறியபோதும், வேறுபாடு உடலில் எங்கு உறைகின்றது என்ற வினா எஞ்சியது.

மூளையே அதன் உறைவிடம் என்பது எளிதிற் கிடைக்கும் விடை. அவ்விடையின் போதாமையைக் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவர் 2009இல் வெளியிட்ட கட்டுரை உணர்த்துகின்றது. நூறு மாணவரின் சுட்டுவிரல் நுனிகளில் வரிப்பள்ளமுடைய பரப்புக்கள் அழுத்தப்பட்டன. பெண்கள் சராசரியாக நுண்ணிய வரிகளை உணர்ந்தனர். ஆயின், விரல்நுனியின் பரப்பளவைக் கணக்கிற் கொண்டதும் பால் வேறுபாடு மறைந்தது. சிறிய விரல்களில் வியர்வைத் துவாரங்கள் நெருங்கியிருந்தன. அத்துவாரங்களின் அடியைச் சூழ்ந்துள்ள மேர்க்கல் தொடுகலங்களும் அவ்வாறே நெருங்கியிருக்கும் என்பது ஆய்வாளரின் அனுமானம்.

இதனைக் கொண்டு எல்லா வேறுபாடுகளையும் விரலளவுக்குள் அடக்குதலும் தவறாகும். கைகளைக் குறுக்காக வைத்திருப்போர், இரு கைகளிலும் 300 மில்லிசெக்கனுக்குக் குறைந்த இடைவெளியில் நிகழும் தொடுகைகளின் முன்பின் வரிசையை அடிக்கடி மாற்றிக் கூறுவதை யமமோற்றோ, கிற்றசாவா இருவரும் 2001இல் வெளியிட்டனர். தொடப்பட்ட கை எது என்பதும், அக்கை எப்பக்கத்தில் உள்ளது என்பதும் முரண்படுவதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது. இக்குழப்பம் பெண்களிடத்து மிகுதி என 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு கூறிற்று. விரலின் சிறுமை இதனை விளக்காது. எனினும், பெண் மூளையின் காலக்கணிப்பு மந்தமானது என்பதற்கும் இது சான்றன்று. அச்சோதனை காலத்தோடு இடவுணர்வையும் அளக்கின்றது. அவ்விடவுணர்வு பிறப்பால் வந்ததா, பயிற்சியால் வந்ததா என்பதை அதனாற் பிரித்தறிய இயலாது.

இவ்வெச்சரிக்கை ஆய்வுகூடத்திற்கு மட்டும் உரியதன்று. நுண்ணிய கைவேலை பெண் விரல்களுக்கு இயல்பானது என்ற கூற்று, தொழிற்சாலைகளிற் குறைந்த கூலிக்கு நியாயமாகக் காட்டப்பட்டு வந்துள்ளது. டயன் எல்சன், றூத் பியர்சன் ஆகியோர் 1981இல் எழுதிய கட்டுரை, அத்திறன் தையல் முதலிய வீட்டு வேலைகளிற் சிறுவயது முதல் பெற்ற பயிற்சியின் பயன் என்றும், இயற்கையெனக் கருதப்படுவதாலேயே அது தொழிற்றிறனாக மதிக்கப்படுவதில்லை என்றும் வாதிட்டது. சராசரி வேறுபாடொன்றைக் கண்ட ஆய்வாளர், விரலையும் பயிற்சியையும் அளந்த பின்னரே மூளையைப் பற்றிப் பேசுதல் தகும். அவ்வொழுங்கு தவறுமிடத்து, அளவீட்டின் குறைபாடு உழைப்பவரின் கூலியிலும் பிரதிபலிக்கும்.