மாறாத முகவரி

மூணாறு, மறையூர், சித்தூர் பக்கத்துத் தமிழ்வழி வகுப்புகளிலும் கேரள அரசின் கணினித் திட்டங்கள் நுழைந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றான 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் தொடங்கியது 2018-ல். இப்படியான வகுப்புகளில், ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினியில் செய்துகாட்ட எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதற்கு மாறாத ஐபி முகவரி கொடுப்பது.

வழக்கமாக ரவுட்டர்தான் முகவரி வழங்கும், அதுவும் தவணைக்கு. இடுக்கி மழையில் கரண்ட் போய் வந்தால், பாடக் கோப்புகளை வைத்திருக்கும் பை வேறு எண்ணோடு எழக்கூடும். பழைய எண்ணில் தேடும் கணினிகளுக்கு அது அகப்படாது. ரவுட்டர் 192.168.1.100 முதல் 192.168.1.200 வரை பங்கிடுகிறதென்றால், நாம் 192.168.1.50-ஐ எடுத்துக்கொள்ளலாம், அது வேறு யாரிடமும் இல்லையென்று பார்த்துவிட்டு. அந்தத் தேர்விலேயே ஓர் இங்கிதம் இருக்கிறது.

இந்த முகவரியைப் பதிய முன்பு ஒரு கோப்பில் சில வரிகள் எழுதுவோம். பையின் இயங்குதளத்தில் 2023-ல் வந்த 'புக்வார்ம்' பதிப்பிலிருந்து அந்த வேலை நெட்வொர்க் மேனேஜர் வழியாக. முகவரியோடு வலையின் அளவைச் சொல்லும் /24, வெளியே போகும் வாசலான கேட்வே, பெயர்களை எண்களாக்கும் டிஎன்எஸ் எல்லாம் தர வேண்டும். கேட்வேயை விட்டால் பள்ளிக்குள் எல்லாம் ஓடும், வெளி இணையம் மட்டும் வராது. கேட்வே எதற்கென்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல செய்முறை இல்லை. வேண்டுமென்றே அதை அழித்துவிட்டு, பிங் அடித்துப் பார்க்கச் சொல்லலாம்.