தொற்றுக்கால எழுத்தும் வீட்டிலிருந்த பெண்ணும்

கொரோனாக் காலத்தைப் பற்றி எமது சஞ்சிகைகளில் வெளிவந்த கவிதைகள், சிறுகதைகள் பலவற்றை வெட்டிச் சேர்த்து வைத்திருந்தேன். சென்ற பாடசாலை விடுமுறையில் அவற்றை ஒருசேர வாசிக்க முடிந்தது. அவ்வாசிப்பில் எழுந்த ஒரு மனக்குறையை இங்கு முன்வைக்க விரும்புகிறேன். அக்குறையைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பதையும் இடையில் சொல்லியாக வேண்டும்.

இவ்வாக்கங்களுட் பெரும்பாலானவை ஜனாஸா எரிப்பைப் பற்றியவை. அது இயல்பானதே. 2020 மார்ச் இறுதியில் நீர்கொழும்பில் தொற்றினால் மரணித்த முஸ்லிம் ஒருவரின் உடல் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் எதுவும் மாறவில்லை. டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களை விசாரணைக்கு எடுக்க அனுமதி மறுத்துத் தள்ளுபடி செய்தது. அதே மாதம் பிறந்து 20 நாளேயான குழந்தையொன்று எரிக்கப்பட்டபோது, பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். 2021 பெப்ரவரி 25இல்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச் 5இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 யூலையில் அன்றைய அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இத்தனையும் நடந்த நாட்டில் எழுத்தாளர் பேசாதிருந்திருந்தால்தான் அது வெட்கத்துக்குரியது.

எனவே அவர்கள் பேசியதில் எனக்குக் குறையில்லை. பேசியவற்றுள் திரும்பத் திரும்ப வரும் காட்சி ஒன்றுதான் என்னை யோசிக்க வைத்தது. தீ, சாம்பல், வெள்ளைத் துணி, மயானத்து வாயிலில் நின்று கதறும் மனைவி. ஆறு ஏழு கவிதைகளில் இந்த மனைவி வருகிறாள். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் நிற்கிறாள், ஒரே குரலில் அழுகிறாள். கவிதை முடிந்ததும் அவள் எங்கே போனாள் என்று எவரும் கேட்கவில்லை. உண்மையில் பல பெண்கள் அந்த வாயிலுக்கு வரவேயில்லை. அவர்கள் வீட்டில் இருந்தார்கள்.

கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் என்னோடு பயின்ற மன்னார் நண்பர் ஒருவரின் ராத்தா அப்படி இருந்தவர். கொழும்பின் புறநகரில் வாடகை வீடு. 2020 நவம்பர் நடுப்பகுதியில் கணவர் தொற்றினால் மரணித்தார். வைத்தியசாலையிலிருந்து உடல் வீட்டுக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்தவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அதன் முதல் 14 நாட்கள் அந்த அறிவித்தலின் பின்னே கழிந்தன. "சாமான் பையை மதிலுக்கு மேலால வச்சிட்டுப் போவாங்க தம்பி. ஆர் வச்சது என்டும் தெரியாது" என்று பின்னர் தொலைபேசியில் சொன்னார். நான்கு பேருக்கு அரிசி அளந்து பழகிய கை, ஒரு மாதமாக ஒரு சுண்டு கூடவே அள்ளியதாம். மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் தானே சாப்பிட்டிருக்கிறார். மகள் 2021 மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சைக்குப் போனாள். தாய் வாசல் வரை வந்து அனுப்பிவிட்டு உள்ளே திரும்பினார். அடக்கம் செய்யலாம் என்ற வர்த்தமானி வந்தபோதும் அவர் இத்தாவில்தான் இருந்தார். சட்டம் மாறிய செய்தியை அதே வீட்டின் அதே அறையில் இருந்து கேட்டார்.

இனி, நான் வாசித்தவற்றுள் இரண்டொரு ஆக்கங்கள் கையாளும் உவமை ஒன்றைப் பார்க்கலாம். ஊரடங்கில் நாடு முழுவதுமே இத்தா இருந்தது என்பது அது. முதல் வாசிப்பில் எனக்கும் பிடித்திருந்தது. ராத்தாவோடு பேசிய பின் அது பிழையான உவமை என்றே படுகிறது. இத்தா இருப்பவர் வெளியே போவதில்லை என்பது உண்மை. ஆனால் வெளியில் உள்ளவர்கள் உள்ளே வருவார்கள். மையத்து வீட்டில் அடுப்பு எரியாது என்று அயலார் சோறு கொண்டு வருவார்கள். சாச்சி, மாமி, மதினி என்று யாராவது இரவில் கூடப் படுப்பார்கள். பெண் உள்ளே இருக்கும் வழக்கம், மற்றவர்கள் வந்துபோகும் வழக்கத்தின் மேல்தான் நிற்கிறது. கொரோனா முதலாவதை விட்டுவைத்து இரண்டாவதை அறுத்தது. உள்ளே இருக்கும் கடமை அவருக்கு இருந்தது, வந்திருக்கும் கடமை எவருக்கும் இல்லாமற் போயிற்று. இத்தாவைச் சிறை என்று கண்டிப்போரும், பாதுகாப்பு என்று மெச்சுவோரும் சட்டத்தைப் பற்றியே விவாதிக்கிறார்கள். அந்த 130 நாட்களில் ஒரு பெண் காலையில் எழுந்து என்ன செய்தார் என்பது இரு தரப்பாரின் எழுத்திலும் இல்லை.

அந்த வர்த்தமானியையும் ஒரு பிரதியாக வைத்து வாசிக்கலாம். அதில் வெப்பநிலை உண்டு, 800 முதல் 1200 பாகை வரை. நேரம் உண்டு, குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை. இறந்தவர் அதில் ஓர் உடல் மட்டுமே. அவர் புறப்பட்டுப்போன வீடு அதில் இல்லை. அரசாங்க ஆவணம் அப்படித்தான் இருக்கும். அதை எதிர்த்து எழுந்த எமது கவிதையும் தீயின் அருகிலேயே நின்றுவிட்டால், அந்த ஆவணம் வரைந்த எல்லைக்குள்தானே நாமும் நிற்கிறோம்?

தமிழுக்கு இது புதிய விடயமன்று. 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றைப் புரட்டினால், கைம்பெண்ணின் கலத்தில் என்ன இருந்தது என்பது தெரிகிறது. ஒக்கூர் மாசாத்தனார் பாட்டில் ஆம்பலைப் பார்த்து ஒருத்தி பேசுகிறாள். இளமையில் தழையாடையாக உதவிய அதே கொடி, கணவன் மாண்டபின் வேளை தவறி உண்ணும் அல்லி அரிசியைத் தருகிறது. அடுத்து வரும் பாட்டில் ஒருத்தி சுளகளவு இடத்தைச் சாணமிட்டு மெழுகுகிறாள். அதற்குத் தண்ணீர் அவளுடைய கண்ணீர். சுளகு என்ற சொல் இன்றும் எங்கள் பண்டத்தரிப்பு அடுக்களைகளில் புழங்குகிறது. அந்தப் புலவர்கள் கைம்மைக் கொடுமையை எதிர்த்துப் போராடியவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. பெருங்கோப்பெண்டு நெய்யில்லாத சோற்றையும் பாயில்லாத கற்படுக்கையையும் எண்ணிச் சொல்லிவிட்டுத் தீயைத் தேர்ந்த பாட்டும் அதே தொகுதியில்தான் உள்ளது. ஆயினும் அவர்கள் அவளுடைய உணவையும் நேரத்தையும் படுக்கையையும் பார்த்தார்கள். நாம் பார்க்கவில்லை.

இப்போது என் தகுதிக்கு வருகிறேன். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நடைமுறையில் இருந்தபோது, என் தந்தையார் சாதாரண நோயினாற் காலமானார். எமது சமய முறைப்படி தகனம் நடந்தது. எங்கள்மேல் எவரும் எதையும் திணிக்கவில்லை என்பதை நான் மறக்கக்கூடாது. ஆனால் செத்தவீட்டுக்கு ஆட்கள் இல்லை. அயலார் படலையடியில் நின்று கேட்டுவிட்டுப் போயினர். நான் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். வெறிச்சோடிய ஒழுங்கை, பறை ஒலிக்காத முற்றம் எல்லாம் அதில் உண்டு. ஆண்டுத் திவசத்தன்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவர் சொன்னது இதுதான்: "எல்லாம் சரி. அண்டைக்கு நான்தானே தம்பி உலை வைச்சனான். அதை எழுதேல்லையே?"

உண்மை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று ஊருக்கே சொல்லிக்கொடுக்கும் அம்மா, சோறு கொண்டுவர ஆளில்லாமல் தானே அன்று பின்னேரம் அடுப்பு மூட்டினார். அந்தச் சோற்றை நானும் சாப்பிட்டேன். சாப்பிட்டுவிட்டு ஒழுங்கையைப் பற்றி எழுதினேன். ஆகவே நான் சொல்லும் குறை முதலில் எனக்குரியது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். அநீதி நடந்த இடத்தை விட்டு அடுக்களைக்குப் போவது கோபத்தைத் தணித்துவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மயானத்து வாயிலில் எழுதப்பட்ட கவிதைகள் இல்லாமலிருந்தால் மன்னிப்பு என்ற சொல்கூட வந்திராது என்று வாதிடுவோரை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த மன்னிப்பு எவரிடம் கோரப்படுகிறது? எரிந்தவரிடம் கோர முடியாது. மரணச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த இத்தா முடியும்வரை காத்திருந்த பெண்ணிடம், இறந்தவரின் தொலைபேசிக்கு ரீலோட் போட்டு அதிலேயே பிள்ளையின் இணையவழிப் பாடத்தை நடத்தியவரிடம், ஒரு சுண்டு அரிசி கூட அள்ளியவரிடம்தான் கோர வேண்டும். அவர் எப்படி வாழ்ந்தார் என்று தெரியாத வரையில், அநீதியின் அளவும் எமக்குத் தெரியாது.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. பெண்கள் எழுதிய இரண்டு மூன்று சிறுகதைகள் அறைக்குள் போகின்றன. அவற்றுள் ஒன்றில், கணவனின் சாரத்தைத் துவைப்பதா விடுவதா என்று ஒருத்தி ஒரு முழுப்பக்கம் யோசிக்கிறாள். வேறொன்றும் நடப்பதில்லை. நான் வாசித்த தொற்றுக்கால ஆக்கங்களுள் சிறந்தது அது என்பேன். 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' தொகுப்பின் தலைப்பு அப்போது நினைவுக்கு வந்தது. சேதிகள் இன்னும் சொல்லப்படாமலே இருக்கின்றன. அவற்றை அறிந்த பெண்கள் எமது வீடுகளில்தான் இருக்கிறார்கள், கேட்டால் சொல்கிறார்கள்.

என் கவிதையை நான் எங்கும் வெளியிடவில்லை. அதை மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரியில் இம்முறை அடுப்பு இருக்கிறது. அன்று எந்த விறகை மூட்டினார் என்று அம்மாவிடம் கேட்டேன். பந்தல் போடவென்று தறித்துவைத்துப் போடாமல் விட்ட பூவரசங் கம்புகளாம்.